நீ வா என்றால் ஆறு வருமா: வேலூர்ப் பக்கம் ஐந்து நாள்

முதல் நாள், வேலூர்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. மாமா ஸ்டேஷன் வாசலில் தன் பழைய எக்ஸ்எல் வண்டியோடு நின்றிருந்தார். அம்மாவின் தம்பி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர், 632 என்று தொடங்கும் பின்கோடு எதைச் சொன்னாலும் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரை சொல்லுவார். ஐந்து நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன், ஊர்ப்பேர் எப்படி வந்தது என்று பார்க்கப் போகிறேன் என்றதும் ஒரு பார்வை பார்த்தார்.

"பேரு இன்னான்னு கேட்டா சொல்லிடுவேன். ஏன் அந்தப் பேருன்னு கேட்டா எப்டிடா? அத்தெல்லாம் கவர் மேல எழுதமாட்டாங்க."

சரி, முதலில் கைக்கு எட்டின ஊரிலிருந்தே ஆரம்பிப்போம் என்று காட்பாடி. இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, காடும் பாடியும் சேர்ந்தது. பாடி என்றால் மாடு வைத்திருந்தவர்கள் தங்கிய இடம், ஆயர்பாடியில் வரும் அதே பாடி. இந்த மாவட்டங்களின் பெயர்ப்பலகைகளை வரிசையாகப் பாருங்கள்: காட்பாடி, மேல்பாடி, புதுப்பாடி, வாணியம்பாடி, முள்ளுக் கத்தரிக்காய்க்குப் பேர் போன இலவம்பாடி. ஆநிரை கவர்ந்தவனோடும் மீட்டவனோடும் சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் வட ஆர்க்காட்டில் ஏராளம் கிடைத்திருக்கின்றன. மாடுதான் சொத்து. எனக்கு இதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது.

வாணியம்பாடியில் மட்டும் கதை வேறு. பிரம்மாவின் சாபத்தால் பேச்சிழந்த சரஸ்வதி இங்கே வந்து சிவனைக் கும்பிட்டுக் குரல் திரும்பக் கிடைத்துப் பாடினாளாம், வாணி பாடியதால் வாணியம்பாடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையில் இருக்கும் மற்ற பாடிகள் எல்லாம் யார் பாடியது? காடு பாடியதா? எண்ணெய் ஆட்டிய வாணியர்களின் பாடி என்ற இன்னொரு விளக்கமும் உண்டு, என் ஓட்டு அதற்குத்தான்.

மத்தியானம் கோட்டை. வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசி வரியை மட்டும் இப்போது சொல்ல முடியாது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் இருந்தது, 1981இல் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். மாமா அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அத்தனை பேரும் இருந்திருந்தால் அகழி நிரம்பியிருக்கும்.

வேலூர் என்ற பேருக்கு முருகனின் வேல் என்று ஒரு பக்கம், வேல மரம் என்று இன்னொரு பக்கம். நான் மரத்தின் பக்கம். ஆனால் ஆதாரம் காட்ட ஒரு நாட்டு வேல மரம் தேடினால் கண்ணில் படவே இல்லை. பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தேன், மணலும் பச்சையுமாக இருந்தது, அந்தப் பச்சை முழுக்கச் சீமைக் கருவேலம். கடல் தாண்டி வந்த முள் மரம் ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு, பார்த்துப் பேர் வைக்கச் சொன்னாலும் தப்பாமல் அதே பேரை வைக்கும்படி நிற்கிறது.

இரண்டாம் நாள், ஆற்காடு

டெல்லி கேட்டைப் பார்த்து, மக்கன் பேடா தின்று (ஒன்றோடு நிறுத்த முடியாது, நிறுத்தியதாகச் சொல்பவர்களை நம்பவேண்டாம்), அப்புறம்தான் வேலை தொடங்கியது.

ஆற்காடு. ஆறு காடு. பாலாற்றின் இரண்டு கரையிலும் ஆறு காடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு முனிவர், அவர் பூசித்த ஒரு லிங்கம். சமஸ்கிருதத்தில் ஷடாரண்யம். வேப்பூரில் வசிஷ்டர், மேல்விஷாரத்தில் வால்மீகி, புதுப்பாடியில் பரத்வாஜர், இக்கரைக்கு வந்தால் காரையில் கௌதமர், வன்னிவேட்டில் அகத்தியர், குடிமல்லூரில் அத்ரி. ஒரே நாளில் ஆறையும் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மூன்றோடு படுத்துவிட்டோம், ஏனென்றால் போனில் வழி சொல்லும் பெண் காரைக்கு என்று கூட்டிப்போய் யாருடைய வீட்டுக் கொல்லையிலோ "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று அறிவித்தாள். அங்கே ஒரு எருமை கட்டியிருந்தது. மாமா எருமையைப் பார்த்துக் கும்பிட்டு, "கௌதமரே, வழி உடுங்க" என்றார்.

முனிவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஊர்ப்பேர்களை மட்டும் சொல்லிப் பாருங்கள். வேப்பூர் வேம்பு. வன்னிவேடு வன்னி மரம். காரை காரைச் செடி, முள்ளோடு புதர்க்காடுகளில் நிற்கும். முனிவர்கள் வந்து தவம் செய்ய வேண்டுமென்றால் காடு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா, அந்தக் காட்டின் பேர்தான் இன்னும் பலகையில் இருக்கிறது.

அடுத்து அந்த 'ஆறு'. இங்கே என் மூக்கு நுழைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு என்ற எண் இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது பழைய தமிழில் பெரும்பாலும் அறு என்று குறுகிவிடும்: அறுசுவை, அறுமுகம், அறுபது. ஆறு காடு ஒட்டினால் அறுகாடு என்றுதான் வந்திருக்கணும். நற்றிணையில் ஓர் ஆர்க்காடு வருகிறது, சோழரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அது இந்த ஊரா, சோழநாட்டுக்குள்ளேயே இருந்த வேறு ஊரா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அது எந்த ஊராகவும் இருக்கட்டும், எழுத்தைப் பாருங்கள், இடையின ர். ஆர் என்றால் ஆத்தி, சோழர்கள் மாலையாகப் போட்டுக்கொண்ட பூ. ஆத்திக்காடு. யாரோ ஒருத்தர் வல்லின ற் போட்டு எழுத ஆரம்பித்த பிறகு ஆறு உள்ளே வந்தது, ஆறு வந்ததும் எண்ணிப் பார்க்க ஆறு முனிவர்கள் வந்தார்கள் என்பது என் ஊகம்.

"ரெண்டு விதமாவும் அட்ரஸ் வரும்," என்றார் மாமா. "ஆர்க்காடு, ஆற்காடு. ரெண்டும் போய்ச் சேர்ந்துடும்."

மூன்றாம் நாள், திருவலம்

இந்தப் பயணமே இந்த ஊருக்காகத்தான், அதனால் நீளமாக எழுதப் போகிறேன்.

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை ரோட்டில் போனால் இரும்புப் பாலம், கீழே பொன்னை ஆறு. ஆற்றுக்கு நீவா என்று பழைய பேர். கோயில்காரர்கள் சொல்லும் கதை: சாமிக்கு அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லை, சிவன் ஆற்றைப் பார்த்து "நீ வா" என்றார், வந்துவிட்டது, பேரும் அதுவாகிவிட்டது. சின்ன வயதில் இதைக் கேட்டு நான் உண்மையிலேயே மயங்கிப் போயிருக்கிறேன். இப்போது பாலத்தில் நின்றுகொண்டு கீழே ஓரமாக ஊர்ந்த ஒரு முழ அகலத் தண்ணீரைப் பார்த்து மாமா மெதுவாக "நீ வா" என்றார். வரவில்லை.

வில்வநாதேஸ்வரர் கோயிலில் நந்தி திரும்பி உட்கார்ந்திருக்கும், சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து. அதற்கும் கதை தண்ணீரில்தான் தொடங்குகிறது. பக்கத்திலிருக்கும் கஞ்சனகிரி மலையிலிருந்து குருக்கள் தினமும் தண்ணீர் சுமந்து வருவார், கஞ்சன் என்ற அசுரன் வழிமறித்துத் தொல்லை கொடுத்தான், குருக்கள் முறையிட, சிவன் நந்தியை அனுப்பினார், நந்தி அவனைக் குத்திக் கிழித்தது, இன்னும் அவன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"தண்ணி தராதவன் கஞ்சன்தான?" என்றார் மாமா. யோசித்தால் இவர் என்னைவிட நல்ல புராணிகர்.

கிழிந்த அசுரனின் உடல் துண்டு துண்டாகச் சுற்று வட்டாரத்தில் விழுந்ததாம், விழுந்த இடமெல்லாம் ஊர். நெற்றி, அதாவது லலாடம் விழுந்தது லாலாப்பேட்டை. தலை விழுந்தது சீக்கராஜபுரம். மார்பு மாவேரி. மணிக்கட்டு மணியம்பட்டு. வலது கால் வடகால், இடது கால் தெங்கால். மாமா இந்த ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு அசுரனின் உடம்பு முழுக்க மணியார்டர் கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு வண்டியை அந்தப் பக்கமே விட்டோம். வடகாலுக்குப் போகிற வழியில் ஒரு வயதான அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வண்டியை விட்டு இறங்கி, "பாட்டி, வடகால்னு ஏன் பேரு? யாரோட கால்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: "யாரு காலா? வாய்க்காலு. இன்னா படிச்சிக்கிறான் இவன்?"

அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு மொத்தமும் தலைகீழாகத் தெரிந்தது. கால் என்றால் நீர் ஓடும் வழி. வாய்க்காலில் இருக்கிற கால், கால்வாயில் இருக்கிற கால், விவசாயம் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் "கால்ல தண்ணி உட்டாங்களா" என்றுதான் கேட்பார்கள். ஆற்றிலிருந்து வடக்கே பிரிந்தது வடகால், தெற்கே பிரிந்தது தென்கால், பேச்சில் தெங்கால். அசுரனுக்கு வலது இடது என்று சொல்கிறார்களே, ஊர்ப்பேரில் இருப்பதோ வடக்கும் தெற்கும், அதையே யாரும் கவனிக்கவில்லை. மாவேரியில் ஏரி வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கிறது, மா ஏரி, பெரிய ஏரி. மணியம்பட்டில் இருக்கும் பட்டு நம் பக்கத்து ஊர்களில் எங்கே பார்த்தாலும் வரும், பற்று என்பதன் தேய்வு, ஒருவர் கையில் இருந்த நிலம். மணியம் பார்த்தவருடைய பற்றாக இருக்கலாம். லாலாப்பேட்டை ஏதோ ஒரு வடக்கத்தி லாலாவின் பேரில் வந்த சந்தையோ என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இது வெறும் தோன்றல்தான், அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆக அந்த அசுரனின் உடம்பு என்று நாம் கேட்டு வளர்ந்தது, குறைந்தபட்சம் பாதியாவது, ஒரு பாசன வரைபடம். மலையிலிருந்து தண்ணீர், அதை மறிப்பவன், அவனை அறுத்துப்போட்டால் இரண்டு கால், ஒரு ஏரி. கதை கட்டியவர் தண்ணீரை மறக்கவே இல்லை, வேறு உருவத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை உற்சாகமாகச் சொன்னதும் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "கதை இல்லாம எவன்டா பேர ஞாபகம் வச்சிப்பான்? வடக்கு வாய்க்கால்னு சொன்னா நாளைக்கே மறந்துடுவான். அசுரன் கால்னு சொன்னா சாவற வரைக்கும் மறக்கமாட்டான். நான் அப்படித்தான் ரூட்டு கத்துக்கினேன்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குப் பாதை சொல்லிக்கொடுத்த சீனியர் தலையில் தொடங்கிக் காலில் முடிக்கச் சொல்வாராம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருவலம் என்ற பேர் மிச்சம் இருக்கிறது. மாம்பழத்துக்காக அப்பா அம்மாவைப் பிள்ளையார் சுற்றி வந்தாரே, அந்த வலம் இங்கேதான் என்கிறார்கள். சம்பந்தர் பாடியதோ திருவல்லம். கல்வெட்டுகளில் வல்லம், தீக்காலி வல்லம். பாண மன்னர்கள் ஆண்ட காலத்திலிருந்தே இரண்டு ல். யாருடைய வாயிலோ, எந்த நூற்றாண்டிலோ, ஒரு ல் தேய்ந்து உதிர்ந்துபோய் வல்லம் வலம் ஆகிவிட்டது. அது உதிர்ந்த பிறகுதான் பிள்ளையார் இந்த ஊரைச் சுற்றியிருக்க முடியும். கோயில் மதிலோரம் உட்கார்ந்து தரையில் குச்சியால் வல்லம், வலம் என்று எழுதிக் காட்டினேன். மாமா எதுவும் சொல்லவில்லை. குச்சியை வாங்கி அந்த ல்லின் புள்ளியை மட்டும் கொஞ்ச நேரம் நோண்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், மேல்பாடி, வள்ளிமலை

பொன்னை ஆற்றோடு மேலே போனால் மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், எழுப்பிய ஊர், கல்வெட்டில் அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. துஞ்சின என்றால் தூங்கின. செத்த என்று சொல்ல மனம் வராத மரியாதை. அந்தக் கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு மேற்பாடியான ராஜாச்ரயபுரம் என்று பேர். ராஜாச்ரயன் ராஜராஜனின் பட்டம், அதை ஊருக்கு வைத்துக் கல்லிலும் வெட்டிவிட்டார்கள். மாமாவிடம் கேட்டேன், ராஜாச்ரயபுரம் என்று முப்பது வருஷத்தில் ஒரு கார்டாவது வந்ததா? "வந்திருந்தா ரிட்டர்ன் அனுப்பியிருப்பேன்."

மாட்டுக்காரன் வைத்த பாடி மட்டும் பஸ் பலகையில் இருக்கிறது.

வள்ளிமலையில்தான் என் சாமர்த்தியம் கொஞ்சம் அடங்கியது. மலையில் 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராஜமல்லன் வெட்டுவித்த சமணக் குகை இருக்கிறது, பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதே மலையில் வள்ளி தினைப்புனம் காத்தாள், முருகன் வந்தான், கிழவனாக நடித்தான், யானையைக் காட்டி மிரட்டினான். இதுவரை பார்த்த ஊர்களில் நான் செய்துவந்தது ஒரே வேலை: சாமியை நகர்த்திவிட்டுக் கீழே மரமோ தண்ணீரோ இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே நகர்த்தினால் கீழேயும் வள்ளிதான். கொடிக்கு வள்ளி என்று பேர். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தையாகக் கிடந்ததால் நம்பிராஜன் அவளுக்கு வள்ளி என்று பேர் வைத்தான் என்று கதையே சொல்லிவிடுகிறது. கொடி முதலா, குறத்தி முதலா, மலை முதலா? வேர்ச்சொல் தேடி வந்தவனுக்குக் கையில் கிழங்கைக் கொடுத்து அனுப்புகிற ஊர் இது. படியில் ஒரு அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார், வாங்கித் தின்றோம்.

திரும்பும்போது விரிஞ்சிபுரமும் போய்விட்டு வந்தோம், மதில் அழகுக்குப் பேர் போன கோயில், வழித்துணைநாதர். ஆறு அங்கே அகலமாக விரிந்திருப்பதைப் பார்த்து, விரிஞ்ச இடம் விரிஞ்சிபுரம் என்று நான் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டேன். ராத்திரி அகராதியைப் புரட்டினால் விரிஞ்சி என்பது பிரம்மாவின் பேர்களில் ஒன்று. பிரம்மா வந்து பூசித்த தலம் என்று கோயிலில் சொன்னதும் அதுதான், எந்தச் சுற்றும் இல்லாமல் நேராக. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், தக்கோலம்

காட்பாடியிலிருந்து அரக்கோணம் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

949இல் ராஜாதித்த சோழன் இந்த ஊர்ப் போரில் யானை மேலேயே கொல்லப்பட்டான், கொன்றவன் ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்கன் பூதுகன். போர் நடந்த இடத்தில் இப்போது வயல்தான். தக்கன் யாகத்தில் வீரபத்திரர் தலையை வெட்டும்போது தக்கன் போட்ட ஓலம் தக்கோலம் என்கிறது தலபுராணம். அகராதியில் தக்கோலம் ஒரு வாசனைப் பண்டம், ஏலம் இலவங்கத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. கடல் கடந்து ராஜேந்திர சோழன் வென்ற ஊர்களின் பட்டியலில் ஒரு தலைத்தக்கோலம்கூட இருக்கிறது. அலறலா, வாசனையா? இரண்டுமே எனக்கு இந்த ஊரோடு ஒட்டவில்லை.

ஒட்டுவது பழைய பேர்தான். சம்பந்தர் பாடிய கோயில் பேர் திருவூறல். ஊறல், அதாவது தரையிலிருந்து தண்ணீர் ஊறி வருவது. இங்கே நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் என்பதுதான் அந்தக் காலத்தில் பேச்சு, சாமிக்கும் ஜலநாதேஸ்வரர் என்று பேர். நாங்கள் போன அன்று அந்த வாய் காய்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், மணலும் ஒரு செத்த எறும்பும் வந்தன.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த மாமா வாலாஜா ரோடு தாண்டும் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் திடீரென்று ஆரம்பித்தார். திருவலத்தில் ஒரு பெரியவர் இருந்தாராம், மாதா மாதம் பிள்ளைக்கு மணியார்டர் அனுப்புவார், அனுப்புநர் முகவரியில் ஒவ்வொரு தடவையும் திருவல்லம் என்று இரண்டு ல் போட்டு எழுதுவார்.

"எழுதத் தெரியாதவருன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஃபாரத்துலயும் ஒரு ல்ல அடிச்சிட்டுத்தான் உள்ள குடுப்பேன். அவரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு, அடுத்த மாசம் மறுபடி ரெண்டு போட்டுகினு வருவாரு."

முகுந்தராயபுரம் போனது. அடுத்த ஸ்டேஷனில் வண்டி வேகம் குறைந்து மஞ்சள் பலகை ஜன்னலுக்கு நேராக நகர்ந்து வந்தது. மாமா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அதை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"எத்தினி ஃபாரம் இருக்கும்டா," என்றார்.